பூட்டிய கடிகாரத்தின் இருபத்தாறு நிமிடம்

எங்கள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘ரெண்டு நிமிஷம்’ என்றுதான் சொல்வோம். யார் வந்து என்ன கேட்டாலும் தலையைத் தூக்காமல், “ரெண்டு நிமிஷம் இருங்க” என்பார். அந்த இரண்டு நிமிடம் அதிர்ஷ்டம் உள்ளவர்களுக்குப் பத்து நிமிடத்தில் முடியும். மற்றவர்கள் மறுநாள் வருவார்கள். முகத்துக்கு நேராகவே பட்டப்பெயரைச் சொன்னாலும் கோபப்பட மாட்டார். கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

பத்தொன்பது வருடம் நான் அவருக்குப் பக்கத்து மேசை. என் வீட்டுக்காரர் முகத்தைவிட அவர் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் பெரிய சுவாரசியம் கிடையாது. மாலையில் இருவருக்கும் ஒரே பஸ் நிறுத்தம். அங்கே பெஞ்சு காலியாகக் கிடக்கும். நான் போனதும் பையை மடியில் வைத்து உட்கார்ந்து காலை நீட்டிவிடுவேன். அவர் நிற்பார். மழையோ வெயிலோ, பஸ் வர முக்கால் மணி ஆனாலும் நிற்பார்.

“உக்காருங்க சார், பெஞ்சு ஒண்ணும் கடிக்காது.”

“பரவாயில்லம்மா.”

மூல வியாதி என்று நானே முடிவு கட்டி, அலுவலகத்தில் சொல்லிச் சிரித்து, அதற்கப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஒருநாள் வயதான அம்மாள் ஒருவர் பேரனின் பிறப்புச் சான்றிதழுக்கு வந்தார். என் முன்னால் ஒன்பது பேர் வரிசை. ‘ரெண்டு நிமிஷம்’ மேசை முன்னால் ஒருவரும் இல்லை. “அந்தப் பக்கம் போங்கம்மா” என்று நான் கை காட்டியும் அந்த அம்மாள் அசையவில்லை, ஒரு மணி நேரம் கால் கடுக்க என் வரிசையிலேயே நின்றார். ‘ரெண்டு நிமிஷம்’ அன்று முதல்தடவையாக வேலை செய்வதுபோல் நடித்தார். ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் போன பிறகு கேட்டேன், யார் என்று.

“எங்க அக்கா.”

“பேச மாட்டாங்களா?”

“அம்மா இறந்ததிலேருந்து இல்ல.”

அவருடைய அம்மா இறந்தது 1968-இல். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. ஒரே ஊர், இரண்டு பஸ் மாறினால் அக்கா வீடு. நாற்பது வருடம்! என் நாத்தனாரோடு எனக்கு எட்டு மாதம் பேச்சில்லாமல் இருந்தது, அதற்கே எனக்குப் பாதி நாள் தூக்கமில்லை. இவர் எப்படித் தாங்கினார் என்று தெரியவில்லை. தாங்கினாரா என்பதும் சந்தேகம்தான்.

அவர் ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது அலுவலகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் புரோகிராம் வந்தது. அதைப் போட்டுக் கொடுக்க ஒரு பெண் வந்தார். இரண்டு பிள்ளைகளின் தாய், நெற்றியில் எந்நேரமும் தலைவலித் தைலம் மினுங்கும். எங்களுக்கு அவர் ‘கம்ப்யூட்டர் அம்மா’. பத்து வருடத்துக்கு முன்பே பாதிப் பதிவேடுகளைப் பழைய புரோகிராமில் கைவிரல் தேயத் தேயத் தட்டியிருந்தோம். அதையெல்லாம் புதியதில் ஏற்றினார். மறு வாரமே வந்து சேர்ந்தது வினை.

சான்றிதழ் நகல் வாங்கிய ஒருவர் மேசையில் ஓங்கித் தட்டினார். அவர் பிறந்தது 1961-இல், நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டு பத்துக்கு, முதல் தேதி. புதுத் தாளில் முந்தின மாதம் கடைசித் தேதி, இரவு பதினொன்று நாற்பத்து நாலு.

“என் பொறந்த நாளையே மாத்திட்டீங்களே! நீங்களா என்னைப் பெத்தீங்க?”

‘ரெண்டு நிமிஷம்’ பழைய ஏட்டை எடுத்துவந்து விரித்தார். வந்தவர் சொன்னதுதான் சரி. அடுத்த தாளை எடுத்தோம், அதிலும் இருபத்தாறு நிமிடம் குறைவு. அதற்கடுத்ததிலும் அப்படியே.

கம்ப்யூட்டர் அம்மா டீயைக் குடித்தபடி விளக்கினார். கம்ப்யூட்டர் எந்த நேரத்தையும் ஊர் நேரமாக வைத்துக்கொள்ளாது. உலகம் முழுவதுக்கும் பொதுவான ஒரு நேரமாக மாற்றித்தான் உள்ளே வைக்கும். திருப்பிக் காட்டும்போது மறுபடி ஊர் நேரமாக மாற்றும். எந்த ஊரில் எந்தக் காலத்தில் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. உலகத்துக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை அதைத்தான் கேட்கும். ஆர்வமுள்ள சிலர், பழைய செய்தித்தாளையும் அரசு ஆணையையும் துருவித் துருவி அதைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

“அதுல எங்க ஊரு?” என்றேன்.

“முன்னாடி இருந்துச்சு. இப்போ இல்ல. அவங்க கணக்கு 1970-லேருந்துதான். அதுக்கப்புறம் உங்க ஊருக்கும் தலைநகரத்துக்கும் ஒரே நேரம்தான். அதனால ரெண்டு வரியையும் ஒண்ணாக்கிட்டாங்க. அதுக்கு முந்தின காலத்துக்கு அவங்க உத்தரவாதம் தர்றதில்ல. தலைநகரத்து நேரத்தையே உங்களுக்கும் போட்டுடும்.”

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க் கடிகாரம் தலைநகரத்தைவிட இருபத்தாறு நிமிடம் முன்னால் ஓடியிருக்கிறது. பத்து வருடம் முன்பு தட்டியபோது எங்கள் ஊர் வரியைப் பார்த்து உள்ளே வைத்தது. இப்போது தலைநகரத்து வரியைப் பார்த்து வெளியே எடுக்கிறது. இடையில் இருபத்தாறு நிமிடம் காணாமல் போகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரிலிருக்கிற செத்தவன் பிறந்தவன் கணக்கையெல்லாம் நாங்கள் முதுகு ஒடிய எழுதி வைப்போமாம், எங்கோ உட்கார்ந்து ஒருவர் ஒரு வரியை அடிப்பாராம்.

“அவங்களைத் திட்டாதீங்கம்மா,” என்றார் ‘ரெண்டு நிமிஷம்’. “அவங்களும் யாரோ ஒரு குமாஸ்தாதான்.”

அதற்கப்புறம் மூன்று மாதம் அவர் நகராட்சியின் பழைய கட்டுகளில் குனிந்து கிடந்தார். தும்மலும் முதுகுவலியும்தான் மிச்சம் என்று நான் நினைத்தேன். கடைசியில் ஊர் நேரத்தை மாற்றிய ஆணையைக் கண்டுபிடித்தார். 1968 மார்ச் ஒன்றாம் தேதியிலிருந்து ஊர்க் கடிகாரங்களை எல்லாம் இருபத்தாறு நிமிடம் பின்னால் தள்ளி, தலைநகரத்து நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். ரயில்கள் மட்டும் அதற்கு வெகு முன்பிருந்தே தலைநகரத்து நேரத்தில்தான் ஓடின. அட்டவணைக்காரர்களுக்கு நகல் அனுப்பினார். நன்றி சொல்லி, அந்த வரியைப் பழைய காலத்துக்கான தனிக் கோப்பில் வைத்திருப்பதாகப் பதில் வந்தது. கம்ப்யூட்டர் அம்மா அதை எங்கள் புரோகிராமில் சேர்த்தார். பிறந்தநாளைத் தொலைத்தவர்களுக்கு அது திரும்பக் கிடைத்தது. நாங்கள் அன்று கொஞ்சம் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பினோம்.

அடுத்த வாரம் திரையில் சிவப்பு வரிகள் முளைத்தன. எங்கள் ஊர் பெரிய மருத்துவமனையிலிருந்து குறைமாதக் குழந்தைகளைக் குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இரண்டு இடத்து ஏட்டிலும் நேரம் எழுதுவார்கள், புரோகிராம் இரண்டையும் ஒத்துப் பார்க்கும், ஒத்துவராவிட்டால் சிவப்பு. ஒரு குழந்தை ஒன்பது பத்துக்குக் கிளம்பி, எட்டு ஐம்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் அவ்வளவு கெட்டிக்காரரா?

“எழுதினவங்க தப்பா எழுதியிருப்பாங்க,” என்று சொல்லி நானே இரண்டு சிவப்பை எட்டு மணியாக மாற்றி அழித்தேன். எனக்கு வேலை தீர்ந்தால் போதும். இப்போதும் அதை நினைத்தால் கூசுகிறது.

‘ரெண்டு நிமிஷம்’ மூன்றாவதில் என்னை நிறுத்தினார். சிவப்பு மொத்தம் ஒன்பது. எல்லாமே அந்தப் பெரிய மருத்துவமனை. எல்லாமே 1968 மார்ச் ஒன்றுக்கும் பதினொன்றுக்கும் நடுவில். ஒவ்வொன்றிலும் கிளம்பிய நேரத்தில் இருபத்தாறு நிமிடத்தைக் கழித்தால் ஆம்புலன்ஸ் ஒழுங்காக ஓடியது. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர் அப்படியே மூடி வைத்துவிட்டு, மருத்துவமனையின் பழைய கடிதக் கட்டைத் தேடிப் போனார்.

இரண்டு நாள் கழித்து ஒரு கடிதத்தோடு வந்தார். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. மருத்துவமனைக் கூடத்தில் ஒரே ஒரு பெரிய கடிகாரம், கண்ணாடிப் பெட்டிக்குள். நர்சுகள் அதைப் பார்த்துத்தான் நேரம் எழுதுவார்கள். பெட்டிச் சாவி தலைமை எழுத்தரின் கொத்தில். அவர் பிப்ரவரி கடைசியில் சொந்த ஊருக்கு விடுப்பில் போனார், கொத்தோடு. மார்ச் ஒன்று வந்தது. ஊர்க் கடிகாரமெல்லாம் பின்னால் போனது, இது போகவில்லை. கண்ணாடியை உடைக்க அனுமதி கேட்டு நகராட்சிக்கு எழுதினார்கள். அனுமதி மார்ச் பதினாலாம் தேதி வந்தது. தலைமை எழுத்தர் பன்னிரண்டாம் தேதியே வந்து பெட்டியைத் திறந்துவிட்டார்.

“அட்டவணைக்கு ஊரைத் தெரியும்மா,” என்றார் அவர். “சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது.”

அந்தப் பதினோரு நாள் பதிவுகளைத் திருத்த வேண்டும். பிறப்புகளைப் பதிவாளரே திருத்தலாம். இறப்பு என்றால் அப்போது தகவல் தந்து கையெழுத்துப் போட்டவரோ, அவர் இல்லையென்றால் வாரிசோ சம்மதிக்க வேண்டும். இரண்டு ஊழியர்கள் நேரில் போக வேண்டும். மொத்தம் பதினேழு வீடு. பதிவாளர் அதை எங்கள் இருவர் தலையில் கட்டிவிட்டார். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். பெரும்பாலும் மகனோ மருமகளோ வாசலில் நின்றபடி, “இருபத்தாறு நிமிஷமா? இதுக்கா வந்தீங்க?” என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் நாயை மட்டும் கட்டினார், வாயைக் கட்டவில்லை.

பதினாறு முடிந்தது. பதினேழாவது தாளை அவர் பையின் அடியிலேயே வைத்திருந்தார். ஒரு மாலை பஸ் நிறுத்தத்தில் நான் பிடுங்கிப் பார்த்தேன். மார்ச் ஆறு, பிற்பகல் மூன்று நாற்பது. பெண், வயது ஐம்பத்திரண்டு. தகவல் தந்தவர்: மகள்.

“உங்க அம்மாவா?”

அவர் நின்றபடியே சொன்னார். அம்மா ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில். அக்கா கூடவே இருந்தார். இவர் வெளியூரில் ஒரு பட்டறையில் வேலை. தந்தி கிடைத்து ரயில் ஏறினார். ரயில் மூன்று இருபதுக்கு வந்தது, சரியான நேரத்துக்கு. ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிட நடை.

“இறங்கினதும் கால் வரலம்மா. அம்மாவை அந்தக் கோலத்துல பாக்கப் பயம். பிளாட்பாரத்துல பெஞ்சு இருந்துச்சு. ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டுப் போகலாம்னு உக்காந்தேன்.”

நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். ஏன் என்று தெரியாது, உட்கார முடியவில்லை.

“போனப்போ கூடத்துக் கடியாரத்துல நாலு பதினொண்ணு. அம்மா போய் அரை மணி ஆச்சு. அக்கா கேட்டா, நேரா வந்தியான்னு. நேராத்தான் வந்தேன்னேன். மூணு இருபதுக்கு வந்த வண்டிடா, அம்பத்தொரு நிமிஷம் எங்கடா இருந்தேன்னா. அதுக்கப்புறம் பேசல.”

அவருக்குத் தான் கால் மணி நேரம்தான் உட்கார்ந்திருந்ததாக ஞாபகம். ஆனால் கடிகாரம் நாற்பது நிமிடம் என்றது. தன் ஞாபகம்தான் பொய் என்று நம்பிவிட்டார். உட்காராமல் நடந்திருந்தால் மூன்று முப்பதுக்கே போயிருக்கலாம், அம்மாவைப் பத்து நிமிடம் உயிரோடு பார்த்திருக்கலாம் என்று நாற்பது வருடம் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நானோ அவர் காதுபடவே மூல வியாதி என்று சிரித்திருக்கிறேன்.

“சார், மூணு நாப்பதுல இருபத்தாறைக் கழிங்க.”

“கழிச்சேன். மூணு பதினாலு.”

“வண்டியே வரலையே சார் அப்போ! இதைப் போய்ச் சொல்லாம பைக்குள்ள வெச்சுக்கிட்டு அலையுறீங்களா?”

“பொய் சொன்னது பொய்தானே.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் மறுநாள் நானே அவரை இழுக்காத குறையாக இரண்டு பஸ் மாற்றிக் கூட்டிப்போனேன்.

அக்கா வீட்டில் ஒரு கூடம், ஒரு நாற்காலி, கட்டிலில் மடித்துவைத்த துணி. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து, “வாங்க” என்றார். தம்பியைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. நான் அலுவலகக் குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரம், சாவி, விடுப்பு, ஆம்புலன்ஸ். அவர் துணியை மடித்துக்கொண்டே கேட்டார். பாதியில் கை நின்றது.

“நான் அந்தக் கடியாரத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்,” என்றார் மெதுவாக. “ஊரெல்லாம் மணியை மாத்தினது காதுல விழுந்துச்சு. அதையும் மாத்தியிருப்பாங்கன்னு நெனச்சேன். மூணு இருபது ஆனதும் அம்மாகிட்ட சொன்னேன், வண்டி வந்திருக்கும்மா, பத்து நிமிஷத்துல தம்பி வந்துடுவான்னு. அம்மா தலையைத் திருப்பிக் கதவையே பாத்தாங்க. பத்து நிமிஷம் ஆச்சு. இருபது ஆச்சு. கடைசியா என்னைப் பாத்தாங்க. ஏண்டி பொய் சொன்னேங்கிற மாதிரி. அந்தப் பார்வை இன்னும் போகல எனக்கு.”

ஏன் வந்தோம் என்று ஆகிவிட்டது எனக்கு. இவர் தலையிலிருந்த பாரத்தை இறக்கி அந்த அம்மாள் தலையில் வைத்துவிட்டோமோ என்று பயமாக இருந்தது.

அவர் வாசலோரம் நின்றபடியே சொன்னார்: “அக்கா. நான் அன்னிக்கு நேரா வரல. ஸ்டேஷன்ல உக்காந்துட்டேன். கால் மணி.”

“தெரியும். உன் மூஞ்சியைப் பாத்தப்பவே தெரியும்.”

“பயந்துட்டேன்.”

“அதுவும் தெரியும்.” அக்கா தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “மூணு பதினாலு. அப்போ நீ எங்க இருந்த?”

“வண்டியில.”

“வண்டியில எங்க?”

“ஆத்துப் பாலம் தாண்டியிருக்கும். கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன், பையைக் கையில புடிச்சுக்கிட்டு.”

“உக்கார இடமில்லையா?”

“இருந்துச்சு. உக்காரல. ஊரு தெரியுதான்னு எட்டிப் பாத்துக்கிட்டே வந்தேன்.”

அக்கா ரொம்ப நேரம் அவரைப் பார்த்தார். நாற்பது வருடம் பார்க்காததையெல்லாம் சேர்த்துப் பார்ப்பதுபோல் இருந்தது.

“அம்மா கதவைப் பாத்தப்போ நீ வந்துக்கிட்டுதான்டா இருந்திருக்க,” என்றார். “நான் பொய் சொல்லல.”

அவருக்கு உதடு கோணியது. அறுபது வயது மனுஷர், முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் சுவரைப் பார்த்தேன். எனக்கும் கண் கரித்தது, சொன்னால் என்ன.

“உக்காருடா,” என்றார் அக்கா.

இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். நான் பேனாவை நீட்டினேன். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே இருந்த கட்டத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். கையெழுத்துப் போட்ட நேரத்தை எழுத வேண்டும் என்றேன்.

தம்பியின் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் நாலே கால். அக்கா அதை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“உன் கையில மணி என்னடா?”

“நாலு பத்துக்கா.”

அக்கா நாலு பத்து என்று எழுதினார்.